அப்ரண்டிஸ் பையனுக்கு ஒரு வருடப் பயிற்சித் திட்டம்: கையெழுத்துக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டியவை

ஐடிஐ முடித்த பையனை அப்ரண்டிஸாக (தொழிற்பழகுநராக) சேர்க்கும்போது எல்லோருடைய கவலையும் ஒப்பந்தத்தைச் சுற்றியே இருக்கிறது. அரசின் அப்ரண்டிஸ் போர்ட்டலில் பதிவாகிவிட்டதா, ஆதார் சரியாக இருக்கிறதா, உதவித்தொகை எவ்வளவு? ஒப்பந்தத்தில் தொழிலின் பெயர் இருக்கும், தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும், தொகை இருக்கும். மூன்றாவது மாதம் பையன் எந்த மெஷினில் நிற்பான், அங்கே அவனுக்கு யார் சொல்லித் தருவார்கள், எதைத் தனியாகச் செய்தால் அடுத்த மெஷினுக்குப் போவான் என்பதெல்லாம் இருக்காது. ஒரு வருடம் பயிற்சியாகப் போகிறதா, குறைந்த சம்பளத்துக்கு ஆள் வைத்த கதையாகப் போகிறதா என்பது அந்த எழுதப்படாத பகுதியில்தான் முடிவாகிறது.

கோவையில் கணபதி பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் சூப்பர்வைசர். எல்லோரையும் சேர்த்தால் ஏறக்குறைய நாற்பது பேர். 2019 விதித் திருத்தத்தின்படி முப்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த நிறுவனமும் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும். எங்கள் அளவுக்கு ஒருவரை எடுத்தாலே சட்டக் கணக்கு முடிந்துவிடும். நாங்கள் அதைவிடக் கூடுதலாகவே எடுக்கிறோம், ஏனென்றால் நல்ல டர்னர் (லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர்) கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை. கணக்குக்காக எடுக்கும் இடத்தில் திட்டம் தேவைப்படாது. ஆள் வளர்க்க எடுக்கும் இடத்தில் திட்டம் இல்லாமல் எதுவும் நடக்காது.

எங்களிடம் ஒரு முறை ஒரு பையன் பாதி வருடத்தில் வந்து வேலை கேட்டான். வேறொரு இடத்தில் டர்னர் அப்ரண்டிஸாக ஒப்பந்தம் போட்டிருந்தான். ஆறு மாதமும் பேக்கிங்கில்தான் இருந்திருக்கிறான். "லேத் எங்க இருக்குன்னு தெரியும் சார், தொட்டதில்லை" என்றான். ஐடிஐயில் இரண்டு வருடம் படித்து, நல்ல மதிப்பெண்ணும் எடுத்தவன். கோபமாக வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் திட்டத்தை வாய்ப்பேச்சில் விடாமல் தாளில் எழுதி, ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குவது என்று முதலாளியிடம் பேசி முடித்தேன்.

இதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் 4ஆம் பிரிவு, சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம் என்கிறது. பலரும் இதைப் பயன்படுத்துவதில்லை. போர்ட்டலில் வரும் படிவத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாங்கள் பயிற்சித் திட்டத்தை இரண்டு பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்து, முதலாளி, பையன், நான் மூவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறோம். பையன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் ஒப்பந்தத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்திட வேண்டும். அதனால் திட்டத்திலும் அவர்கள் கையெழுத்தை வாங்கிவிடுகிறோம்.

திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில் எனக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. முதல் வாரத்திலிருந்து எழுத ஆரம்பித்தால் "லேத் பழக்கம்", "சிஎன்சி அறிமுகம்" என்று பொத்தாம்பொதுவாகத்தான் வரும். அந்த மாதிரி வரியை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. அதனால் வருடக் கடைசியில் பையன் பக்கத்தில் யாரும் நிற்காமல் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் எழுதுகிறோம். கணினி ஓட்டும் சிஎன்சி லேத்துக்கு நாங்கள் எழுதியிருப்பது இது: "இன்சர்ட் மாற்றியபின் டூல் ஆஃப்செட்டைத் தானே எடுப்பான். முதல் பீஸை அளந்து, வேர் ஆஃப்செட்டில் திருத்தி, அடுத்த பீஸை டாலரன்ஸுக்குள் கொண்டுவருவான்." இன்சர்ட் என்பது டூலின் வெட்டும் முனை. ஆஃப்செட் என்பது அந்த முனை எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குக் கொடுக்கும் அளவு, வேர் ஆஃப்செட் தேய்மானத்துக்கான சிறு திருத்தம். டாலரன்ஸ் என்பது அனுமதித்த அளவு வித்தியாசம். இப்படி எழுதிவிட்டால், கதவை மூடிப் பச்சை பட்டனை அமுக்குவதை யாரும் சிஎன்சி பயிற்சி என்று சொல்ல முடியாது. பல இடங்களில் அந்தப் பட்டனோடு வருடம் முடிந்துவிடுகிறது.

அளவெடுப்பதற்கு நான் ரொம்ப இடம் கொடுப்பேன். ஐடிஐயிலிருந்து வரும் பிள்ளைகள் வெர்னியர் பார்க்கத் தெரியும் என்றுதான் சொல்வார்கள், தெரியவும் செய்யும். ஆனால் 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு டிராயிங்கில் எச்7 (சிறிய h) என்ற டாலரன்ஸ் குறி போட்டிருந்தால், அளவு 25.000க்கும் 24.979க்கும் இடையில் இருக்க வேண்டும். மொத்த இடைவெளியே 0.021. வெர்னியரின் மீச்சிற்றளவே 0.02. அந்த ஷாஃப்டை வெர்னியரில் பார்த்துப் பாஸ் செய்தால் அது ஊகம்தான். மைக்ரோமீட்டர் வேண்டும். அதை ராட்செட்டில் எவ்வளவு இறுக்குவது என்று கையும் பழக வேண்டும். அதனால் முதல் நான்கு வாரம் எங்கள் பையன்கள் மெஷின் பக்கம் உற்பத்திக்குப் போவதே இல்லை. பாதுகாப்பு, டிராயிங் படிப்பது, ஸ்டோரில் டூல் பெயர்களைத் தெரிந்துகொள்வது, அளப்பது, அவ்வளவுதான். நான்காவது வாரக் கடைசியில் ஒரே தட்டில் உள்ள ஷாஃப்ட்டுகளைப் பையனும் இன்ஸ்பெக்டரும் தனித்தனியாக அளந்து எழுதுவார்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போகும் வரை அதே வேலைதான்.

மீதி வருடம் எங்கள் டர்னர் திட்டத்தில் இப்படிப் போகிறது. சாதாரண லேத்தில் 14 வாரம், சிஎன்சி லேத்தில் 16 வாரம், விஎம்சியில் (கணினியில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) 6, இன்ஸ்பெக்ஷனில் 6, மெயின்டனன்ஸ் ஆட்களோடு 2, கடைசியில் அப்ரண்டிஸ் தேர்வுக்கு 4. சிஎன்சி இருக்கும்போது சாதாரண லேத்தில் எதற்கு 14 வாரம் என்று முதலாளி கேட்டார். டூலை நகர்த்தும் ஃபீடைக் கையால் கொடுக்கும்போதுதான் வெட்டின் சுமை கைக்குத் தெரியும். சத்தம் மாறுவதை வைத்து டூல் மழுங்கியதைக் கண்டுபிடிக்கும் பழக்கமும் அங்கேதான் வரும். சிஎன்சியில் கதவு மூடியிருக்கும்போது அந்தக் காதுதான் துணை. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் பட்டறையில் வேறு மெஷின்கள் இருக்கும், வாரக் கணக்கும் வேறாகும். மாறக் கூடாதது ஒன்றுதான். ஒவ்வொரு பகுதியும் நாட்கள் முடிந்ததால் முடியக் கூடாது, பையன் செய்து காட்டியதால் முடிய வேண்டும்.

அப்புறம், யார் சொல்லித் தருவது என்பது. திட்டங்கள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். நான் முதல் முறை எங்கள் மூத்த டர்னரிடம் தாளைக் காட்டியபோது அவர் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஏனுங்க சார், பையனை என் லேத்துல நிறுத்திச் சொல்லிக் குடுத்தா என் பீஸ் கணக்கை யாருங்க பாக்கறது?"

நியாயமான கேள்வி. எங்களிடம் ஆபரேட்டர்களுக்கு மாத உற்பத்தியை ஒட்டி ஒரு ஊக்கத்தொகை உண்டு. பையனுக்கு மரை வெட்டச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் அவருடைய கணக்கு விழும். சொல்லிக்கொடுப்பவருக்குக் கைக்காசு போகிறது என்றால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இரண்டாவது வாரத்திலிருந்து பையனைத் தண்ணீர் பிடிக்கவும் வெட்டி விழும் உலோகச் சுருள் அள்ளவும்தான் அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. முதலாளியிடம் இதைக் கொண்டுபோனேன். பயிற்சிக்கு ஒதுக்கிய மணிநேரத்தை அந்த ஆபரேட்டரின் டார்கெட்டிலிருந்து கழித்துவிடுவது என்று முடிவானது. அதையும் திட்டத்திலேயே எழுதினோம், எந்த வாரம், யாருக்கு, தினம் எத்தனை மணி நேரம் என்று. பயிற்சி கொடுக்கும் ஆபரேட்டரையும் திட்டத்தில் கையெழுத்துப் போடச் சொன்னோம். தன் பெயர் தாளில் இருக்கிறது என்றதும் அவருக்கு வந்த அக்கறையை நான் பார்த்தேன். இன்றுவரை பையன்கள் அவரைத்தான் 'எங்க அண்ணன்' என்று சொல்கிறார்கள்.

இங்கே பையனைப் பற்றியும் ஒரு விஷயம். 13ஆம் பிரிவின்படி அப்ரண்டிஸுக்குப் பீஸ் கணக்கில் தொகை கொடுக்கக் கூடாது, உற்பத்தி போனஸ் மாதிரியான ஊக்கத் திட்டத்திலும் அவரைச் சேர்க்கச் சொல்லக் கூடாது. நல்ல காரணத்தோடு வைத்த விதி. எண்ணிக்கை மனதில் ஏறிவிட்டால் கற்றுக்கொள்கிறவன் அளப்பதைக் குறைத்துவிடுவான். "தம்பி நல்லா ஓட்டறான், பீஸுக்கு ஒரு ரூபா போட்டுக் குடுக்கலாம்" என்று பாசத்தில் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம். ஓவர்டைமும் அப்படித்தான். அரசு நியமிக்கும் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் அவனை ஓவர்டைமில் நிறுத்த முடியாது. பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்று காட்டினால்தான் அந்த அனுமதியும் கிடைக்கும்.

முதலாளியோடு பேசும்போது சட்டத்தின் 18ஆம் பிரிவை நேராகவே எடுத்துவைப்பது நல்லது. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். இதைப் பல நிறுவனங்கள் தங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் படிக்கின்றன, பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது என்பதோடு நிறுத்திவிடுகின்றன. தொழிலாளி அல்லர் என்றால் அவரை உற்பத்திக் கணக்கில் ஒரு ஆளாக எண்ணவும் கூடாதே. அந்தப் பாதியையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பாதுகாப்பிலும் சலுகை கிடையாது. வேலையிடத்தில் அடிபட்டால் இழப்பீட்டுக்குச் சட்டப்படி நிறுவனம்தான் பொறுப்பு. அதனால் எங்கள் திட்டத்தின் முதல் வரியே, லேத்தில் கையுறை போட்டு நிற்கக் கூடாது, பீஸைப் பிடிக்கும் சக்கை இறுக்கிய சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது, சுருளைக் கொக்கியால்தான் இழுக்க வேண்டும் என்று இருக்கும். இவற்றைப் பையன் வாயால் சொல்லிக் காட்டிய பிறகுதான் மெஷினுக்குக் கரண்ட்.

வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசுவதை யாரும் அவ்வளவாகச் செய்வதில்லை. நாங்கள் செய்கிறோம். அன்னூர் பக்கத்திலிருந்து ஒரு பையனின் அம்மா வந்திருந்தார். திட்டத்தைப் படித்துக் காட்டி முடித்ததும் அவர் கேட்டது மெஷினைப் பற்றி அல்ல. "நைட் ஷிப்ட் போடுவீங்களாங்க? கடைசி பஸ்ஸை விட்டுட்டா இவன் எப்படி வீடு வந்து சேருவான்?" ஷிப்ட் நேரம் திட்டத்தில் இல்லாமல் இருந்தது. அன்றைக்கே சேர்த்தோம், வருடம் முழுக்கப் பகல் ஷிப்ட் மட்டும் என்று. ஊரில் மாரியம்மன் நோன்பு வந்தால் லீவு வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். முன்கூட்டியே தெரிந்ததால் அந்த வாரத்தில் புது மெஷின் எதையும் தொடங்கவில்லை. பெண் பிள்ளைகள் சேரும்போது போக்குவரத்து, உடை மாற்றும் இடம், கழிப்பறை என எல்லாவற்றையும் இந்தச் சந்திப்பிலேயே கேட்டு எழுதிவிட வேண்டும். சேர்ந்த பிறகு அவர்கள் வாய் திறந்து கேட்கத் தயங்குவார்கள்.

அடுத்து வீட்டார் கேட்பது, "முடிச்சதும் வேலை போட்டுக் குடுப்பீங்களா?" இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லவே கூடாது. சட்டப்படி, ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை போட்டிருந்தால் தவிர, வேலை கொடுக்கும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. அதே சமயம், பயிற்சி முடித்தவர்களை எப்படி எடுப்பது என்று ஒரு கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் வகுத்திருக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. எங்களுடையதை ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறோம்: இடம் காலியானால் வெளியாளைத் தேடும் முன் எங்களிடம் பயின்றவரைக் கூப்பிடுவோம். அதற்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை. "பாத்துக்கலாம்மா" என்று சிரித்து அனுப்புவது அந்தக் குடும்பத்துக்கு ஒரு வருடப் பொய்.

பணத்தையும் அங்கேயே விளக்கிவிடுங்கள். 2019 விதியில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். சேரும்போது நடப்பில் உள்ள தொகையைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்ளலாம். 2016இல் வந்த தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல் ஏற்றுக்கொள்கிறது. முன்பு அந்தப் பணம் நிறுவனத்துக்குத் திரும்பி வந்தது. இப்போது நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. 7,000 என்று வைத்தால் எங்களிடமிருந்து 5,500, அரசிடமிருந்து 1,500. இரண்டும் ஒரே நாளில் வராது. இதை முன்னாலேயே சொல்லாவிட்டால், நிறுவனம் 1,500ஐப் பிடித்துக்கொண்டது என்று வீட்டில் நினைப்பார்கள். அதில் முளைக்கும் சந்தேகம் பயிற்சி வரைக்கும் வந்துவிடும்.

அந்தப் பணம் சிக்கல் இல்லாமல் வர வேண்டுமென்றால் பெயர் சரியாக இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் பெரிய தொல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், வங்கிப் புத்தகத்தில் இரண்டுமே இருக்காது. ஒப்பந்த விவரங்களை ஏழு நாளுக்குள் போர்ட்டலில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். பெயரைத் திருத்த ஏழு நாள் போதாது. அதனால் பையனைத் தேர்ந்தெடுத்த அன்றே மூன்று தாளையும் வாங்கி ஒப்பிட்டுவிட்டு, திருத்தம் இருந்தால் முடித்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒப்பந்தத் தேதியைக் குறிக்கிறோம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டால் பதிவு விஷயத்தில் வழிகாட்டுவார்கள். சேர்க்கை முகாம்களிலும் இதைக் கேட்கலாம்.

இனி, திட்டம் நிஜத்தில் மோதிய இடம். ஒரு வருடம் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. பையன் அப்போது சாதாரண லேத்தில் பாதி வழியில் இருந்தான். சிஎன்சியில் பீஸ் மாற்றிக் கொடுக்க ஆள் தேவை. முதலாளி கேட்டார்: "ஒரு மாசம் மட்டும் அங்க நிக்கட்டுமே, அதுவும் சிஎன்சி தானே?" தாள் இல்லாமல் இருந்திருந்தால் நான் சரி என்றிருக்கவே வேண்டும். அந்த ஒரு மாதம் நான்காகியிருக்கும். தாளை எடுத்துவைத்துப் பேசினோம். பட்டறை ஓடினால்தான் பயிற்சியும் ஓடும் என்பது எனக்கும் தெரியும், அதனால் முடியாது என்று மறுக்கவில்லை. இரண்டு வாரம் போகட்டும், ஆனால் அந்த இரண்டு வாரத்தில் பீஸ் மாற்றுவதோடு ஒவ்வொரு பத்தாவது பீஸையும் அவனே அளந்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும், லேத்தில் விட்ட இரண்டு வாரம் எந்தத் தேதியிலிருந்து திரும்பக் கிடைக்கும் என்பதைத் திட்டத்திலேயே எழுதிப் பையனும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். முதலாளி ஒத்துக்கொண்டார். சொன்ன தேதியில் பையன் லேத்துக்குத் திரும்பினான். அன்றிலிருந்து எங்கள் திட்டத்தின் கடைசியில் நிரந்தரமாக ஒரு வரி இருக்கிறது: வாரம் மாற்றப்பட்டால், அது திரும்பக் கிடைக்கும் தேதியும் அப்போதே எழுதப்படும்.

மாதம் ஒரு முறை பையன், ஆபரேட்டர், நான் மூவரும் உட்காருகிறோம். பையன்தான் முதலில் பேச வேண்டும். ஆபரேட்டர் முதலில் பேசிவிட்டால் பையன் தலையாட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்ய மாட்டான். "எப்படிப் போகுது தம்பி?" என்று கேட்டால் "நல்லா போகுதுங்க சார்" என்றுதான் வரும், அதனால் அப்படிக் கேட்பதில்லை. "இந்த மாசம் தனியா என்ன செஞ்ச? எதுல அண்ணன் கை வைக்க வேண்டி வந்துச்சு?" என்று கேட்கிறேன். பதிலை அவன் நோட்டிலேயே எழுதி ஆபரேட்டர் கையெழுத்திடுகிறார். பயிற்சியின் முன்னேற்றத்துக்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கடைசி வாரத்தில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்புவது பல இடங்களில் வழக்கம். மாதாமாதம் எழுதிய நோட்டு இருந்தால் பதிவேடு தானாக நிரம்பும். தேர்வுக்குப் படிக்கும்போது பையனுக்கு அதுவே புத்தகமாகவும் இருக்கும்.

பாட வகுப்பு நேரத்தையும் விட்டுவிடாதீர்கள். தொழில் சார்ந்த பாடம், கணக்கு, டிராயிங் வகுப்புகளுக்குச் செல்லும் நேரம் சட்டப்படி சம்பள நேரத்தில்தான் சேரும், செலவும் நிறுவனத்தினுடையது. வகுப்பு நாளில் 'காலையில ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போடா' என்று கூப்பிடும் வழக்கம் வேண்டாம். எங்கள் திட்டத்தில் வகுப்பு நாட்களைத் தனி நிறத்தில் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். ஷிப்ட் போடுகிறவர் அதைப் பார்க்காமல் ஆள் ஒதுக்க முடியாது.

அப்ரண்டிஸாகச் சேரப் போகும் தம்பி தங்கைகள் இதைப் படித்தால், சேரும் நாளில் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தெந்த மெஷினில் எவ்வளவு நாள்? எனக்குச் சொல்லித் தரப்போவது யார்? ஒரு பகுதி முடிந்தது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்லத் திணறும் இடமாக இருந்தால், உங்கள் ஐடிஐ ஆசிரியரிடம் பேசிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இந்த வருடத் திட்டத்தில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறோம். இன்ஸ்பெக்ஷனில் இருந்த ஆறு வாரத்தை ஒரே தவணையாக வைக்காமல், ஒவ்வொரு மெஷின் முடிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டோம். தான் செய்த பீஸைத் தானே இன்ஸ்பெக்ஷன் மேஜையில் வைத்துப் பார்க்கும்போது பையன்களுக்குத் தவறு சீக்கிரம் புரிகிறது. இரண்டாவது, மெயின்டனன்ஸ் வாரம் இரண்டை நான்காக்கினோம், தேர்வுக்கு வைத்திருந்த நான்கிலிருந்து இரண்டை எடுத்து. மாதாந்திர நோட்டு ஒழுங்காக இருக்கிற பையனுக்குத் தேர்வுக்கு இரண்டு வாரம் போதும் என்று எங்கள் மூத்த டர்னர் சொன்னார். அடுத்த தேர்வு முடிவு வந்ததும் அது சரிதானா என்று பார்த்துவிட்டு, வாரக் கணக்கை மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.